ஜரிகை சுற்றிய வயர்

நேற்று என் பேத்தியின் காருக்குப் புதிதாகப் பாட்டுப் பெட்டி பொருத்தினார்கள். மதுரை சாலையில் ஒரு கடை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு குளிர்பானத்தையும் திணித்துவிட்டு, காரின் தரைவிரிப்பை உரித்தார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில் இடம். பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் தடித்த சிவப்பு வயரை வலப்பக்கமாக இழுத்த கடைக்காரர், சிக்னல் வயரை மட்டும் இடப்பக்கமாகக் கொண்டுபோனார்.

"ரெண்டையும் சேத்து விட்டா இன்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல வந்துரும் பாட்டி" என்று எனக்கு விளக்கவும் செய்தார்.

"தெரியும்" என்றேன். அவர் நம்பவில்லை. நீ இருந்திருந்தால் அவரை நம்பவைக்காமல் அந்தக் கடையை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாம் இருவரும், படிப்பு முடிந்து திண்டுக்கல்லுக்கே வந்து சேர்ந்திருந்தோம். நீ பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தினாய். நான் பொருளாதாரப் பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தெருக்குழாயில் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்து எரிச்சலடைந்துகொண்டிருந்தேன். அந்த எரிச்சலில்தான் நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். நின்ற பிறகு தெரிந்தது, ஒரு பெண் பேசுகிறாள் என்றால் வேடிக்கை பார்க்க வருவார்கள்; கேட்பதற்கு யாரும் வருவதில்லை.

பிரசாரத்துக்கு மாமனாரின் பழைய கார். அதன் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர், டிக்கியில் வாடகை ஆம்ப்ளிஃபயர், முன்சீட்டில் மைக்கோடு நான். மற்ற வேட்பாளர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசுவார்கள். எங்கள் காரை அணைத்தால் தள்ளாமல் கிளம்பாது. ஆகவே இன்ஜின் ஓட ஓடத்தான் பேச்சு. நான் வாயைத் திறக்குமுன் ஸ்பீக்கர் ரீங்காரமிட ஆரம்பித்துவிடும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் குரலை உயர்த்தும். முதல் நாளே நாகல் நகரில் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: "ஏக்கா, உங்க சின்னம் வண்டா?"

தெருவே சிரித்தது. குடத்தோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அதுதான் உறைத்தது. அவர்களுக்காகத்தான் நின்றேன், அவர்கள் காதுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மதியம் நீ வந்தாய். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. காரின் கீழே பார்த்தாய். மைக் செட்காரர் பேட்டரி வயரையும் மைக் வயரையும் ஒன்றாகச் சேர்த்து, சணல் கயிற்றால் மிக அழகாகக் கட்டியிருந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போட்டாப்புல கட்டியிருக்கான் பாரு" என்று சிரித்தபடி அவிழ்த்தாய். பேட்டரி வயர் தரையோடு போனது. மைக் வயரை எதிர்ப்பக்கமாக மேலேற்றிக் கூரையோரமாகக் கொண்டுபோனாய். ரீங்காரம் பாதி குறைந்தது. மீதி போகவில்லை. வயர்மேல் இருக்க வேண்டிய செம்புப் பின்னல் உறை பல இடங்களில் பிய்ந்திருந்தது. புது வயருக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். சாயங்காலமே பிரசாரம்.

நீ பிய்ந்த உறையை விரலால் தடவிப் பார்த்தாய். பிறகு, "ஏடி, பீரோவத் தொற" என்றாய்.

சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவளுக்குத்தான் அந்த எண்ணம் வரும். பழைய புடவைக் கரையை எரித்து வெள்ளி எடுக்கும் வீட்டில் வளர்ந்தவள் நீ. ஜரிகை உனக்கு அலங்காரம் அல்ல, உலோகம். என் முகூர்த்தப் புடவையின் கரையில் டார்ச் பல்பையும் பேட்டரிக் கட்டையையும் வைத்துப் பார்த்தாய். பல்பு மங்கலாக எரிந்தது. "அசல்தான். உங்க வீட்டுல ஏமாத்தல" என்று என் பிறந்த வீட்டுக்குச் சான்றிதழும் வழங்கினாய். பிறகு கத்தரிக்கோல்.

என் மாமியார் வாசலில் வந்து நின்றார். "அடி ஆத்தே! முகூர்த்தப் புடவையவா அறுக்குறீக?"

"ஒரு கரையத்தானத்தே அறுக்குறோம். இன்னொண்ணு இருக்குல்ல" என்றாய், நிமிராமல்.

மைக் வயர் நெடுகக் கரையைச் சுற்றி, மேலே பழந்துணியால் கட்டினாய். ஜரிகையின் ஒரு முனையை மட்டும் ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு முறுக்கினாய். இரண்டு பக்கமும் கட்டினால் பழையபடி இரையும் என்றாய். இன்ஜினை ஓடவிட்டு, மைக்கைத் திறந்துவைத்து, கூரைமேல் ஏறி ஸ்பீக்கரில் காதை வைத்தாய். நான் பேசப் போனேன்.

"வாய மூடு. நாம பேசாதப்ப அது பேசக்கூடாது. அதான் பரீட்சை."

அது பேசவில்லை. இறங்கிவந்து, "இந்த ஊர்ல இதச் செய்ய என்ன விட்டா எவளுக்கும் தெரியாது" என்றாய். எவனுக்கும் தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் மலைக்கோட்டைக்குக் கீழே என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிர்த்து நின்றவர் மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு வீடு தண்ணீர் என்றிருந்தார். குழாய் பதிக்க இரண்டு கோடையாவது ஆகும், அதற்கு வரியும் கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். கடைசி வீடு வரை கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் தெருத் தெருவாக அதையே சொன்னேன்.

தோற்றேன். சுமாராக அல்ல, நன்றாகவே. காபி டம்ளரோடு என் எதிரில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "நல்லாக் கேட்டுச்சுல்ல? அதான் தோத்த. அடுத்த தடவ பொய் சொல்லப்போறதா இருந்தா முன்னாடியே சொல்லிரு. பழைய வயரையே கட்டிவிடுறேன்."

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் என்னைச் சிரிக்கவைத்தவள் நீ ஒருத்திதான். குழாய் வந்தது இரண்டு கோடை கழித்து. "நீ அன்னைக்கே சொன்ன ஆத்தா" என்றார், குடத்தோடு நின்ற ஒரு பெண். அவர் எனக்கு ஓட்டுப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

போன ஆவணியில் உன் பள்ளியில் உனக்கு இரங்கல் கூட்டம். ஒற்றைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மைக் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக உன்னை அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். பாதி கேட்கவில்லை; அந்தமட்டும் நல்லதாயிற்று.

என்னை அழைத்தார்கள். மேடையோரம் குனிந்து, விளக்கு வயரோடு பின்னிக் கிடந்த மைக் வயரை உருவி மறுபக்கம் போட்டேன். பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க ஓடிவந்தார்கள், கிழவி விழுந்துவிட்டாள் என்று. பிறகு மைக்கின் முன் நின்று, உன்னிடம் கற்ற வழக்கப்படி, முதலில் பேசாமல் இருந்தேன். அதுவும் பேசாமல் இருந்தது.

"இவள் அடக்கமானவள் அல்ல. தன்னைப் பற்றி ஓயாமல் பெருமை அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்ட அத்தனையும் உண்மை" என்றேன்.

கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. முகங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அங்கே ஓட்டெடுப்பு வைத்தாலும் நான் தோற்றிருப்பேன்.