குடிக்காமல் வைத்த தண்ணீர்

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் அங்கே நலம் என்று நம்புகிறேன் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் போன ஞாயிறு வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததிலிருந்து அந்த வரி எழுத எனக்குக் கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னேனே, "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்று சிரித்துவிட்டுக் கட் பண்ணிவிட்டாய். கடிதத்தின் வாயை அப்படிப் பொத்த முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். யாராவது கூப்பிட்டால் இன்னமும் ரெஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், சும்மா இருந்தால் சுவர்தான் பேச்சுத் துணை. நேற்று எதிர் பில்டிங் மாடியில் சிங்க் அடைப்பு, குழாயைக் கழற்றினால் உள்ளே முழுக்கக் காபிச் சக்கை. ஒரு வீட்டில் என்ன குடிக்கிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதே இல்லை பார். கீழே டீக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார், உன் அத்தை வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என் தங்கச்சி சொன்னால் அந்த ஆள் என்னவோ கோர்ட் உத்தரவு வந்த மாதிரி நடுங்குகிறார். முதல் வாரம் கசாயம் குடிக்கிற மூஞ்சியோடு குடித்தேன், இப்போது பழகிவிட்டது. வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் உபசாரத்துக்கு நீட்டுகிற கலர் பாட்டிலையும் விட்டாயிற்று. சர்க்கரை இறங்கியிருக்கிறது, தொப்பையும் கொஞ்சம் மரியாதையாக உள்ளே போயிருக்கிறது. ஆக, குடிக்கிற விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு.

அடுத்து, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. உன் அம்மா உயிரோடு இருந்தபோது வேலை விட்டு வருவாளே, அதே சாயங்கால நேரத்தில் இப்போதும் அடுக்களைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கும், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள், அப்புறம் நேரே அடுக்களைக்குப் போய் நின்றபடியே டம்ளர் டம்ளராக மடக் மடக்கென்று குடிப்பாள், மூச்சு வாங்கும், அதற்கப்புறம்தான் நம்மோடு பேச்சே. அந்தச் சத்தம்தான் அப்படியே கேட்கிறது. நான் குழாய்க்காரன், எனக்குச் சொட்டுவது வேறு, ஓடுவது வேறு என்று தெரியாதா. வாஷர் மாற்றினேன், குழாயையே மாற்றினேன், வெளியே வால்வையும் மூடிப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. அத்தையிடம் சொன்னதற்குக் காது டாக்டரைப் பாருங்கண்ணா என்றாள். அப்புறம் ஒரு நாள் அவள் இங்கே இருந்தபோதே கேட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் அடுக்களை விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து காது டாக்டர் பேச்சை எடுப்பதில்லை.

அம்மா துணிக்கடையில் நின்ற காலத்தில் நீ சின்னவள், உனக்குப் பாதிதான் தெரியும். அந்தக் கடையில் பாத்ரூம் குடோனுக்குப் பின்னால். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே சுவர் ஆணியில் தொங்குகிற பித்தளை வில்லையைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாடிக்கு ஒரே வில்லை. வில்லை வெளியே போனால், கடைக்கு வந்தவர்கள் உட்பட எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று. "இப்பத்தானே போன" என்று அந்த ஆள் எல்லோர் முன்னாலும் கேட்பானாம். அந்த வெட்கத்துக்குப் பயந்து அங்கே ஒரு பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் நிரம்பியே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால் நம் வீட்டில் அது பெருமையாகப் போய்விட்டது. ஒட்டகம் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கூப்பிட, அவளும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள். வில்லையே எடுக்காத ஊழியர் என்று கடையில் அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள், என்ன பரிசு தெரியுமா, தண்ணீர் குடிக்கிற கண்ணாடி டம்ளர் செட். அதை ஷோகேசில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். உன் பள்ளிக்கூடப் பாட்டில் நிரம்பியே திரும்பி வந்தபோதும் "என் பொண்ணாச்சே" என்று உன் கன்னத்தைக் கிள்ளினாள்.

நீர்க்கடுப்பு அவளுக்கு மாதாமாதம் வரும், கல் வந்தது, இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் பாப்பா என்னை விடமாட்டேன் என்கிறது. டயாலிசிஸ் தொடங்கியதும் டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லிவிட்டார், உடம்பு வெளியே தள்ளாது, அதிகம் குடித்தால் நுரையீரலில் ஏறிவிடும் என்று. ஆயுசு முழுக்கக் குடிக்காமல் இருந்தவளுக்கு, வீட்டோடு உட்கார்ந்து நிம்மதியாகக் குடிக்கலாம் என்று நேரம் வந்தபோது, குடிக்கக் கூடாது. உதட்டில் ஐஸ் துண்டு வைத்துத் தடவுவேன். கட்டிலில் படுத்தபடி குழாயையே பார்ப்பாள். "ஒரே ஒரு வாய் குடுங்களேன், யாருக்கும் தெரியாது" என்பாள். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் நிற்பேன். எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்த கை இது, பெண்டாட்டிக்கு இல்லை என்று சொன்னது. நான் செய்தது சரிதான், டாக்டரும் சரியென்றுதான் சொன்னார். ஆனாலும் அந்தக் குரல் போகவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. தூக்கம் சரியில்லை என்றாய். செருப்பு இறுக்குகிறது என்றாய், ஜிம்மில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாய். இதே வார்த்தைகளை இதே வரிசையில் நான் முன்னமே கேட்டிருக்கிறேனடி. நீ பேசிக்கொண்டிருந்தாய், எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது, போன் கையிலிருந்து நழுவிவிட்டது, சிக்னல் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீயும் என்னென்னவோ குடிக்கிறாய், காலையில் பச்சையாக ஒன்று, ஜிம் முடிந்ததும் பவுடர் கலந்து வெள்ளையாக ஒன்று, ஆபீசில் பால் இல்லாமல் கறுப்பாக, ஓடுகிற மெஷினில் ஏறுமுன் டின்னில் நீலமாக. நிறமே இல்லாத ஒன்று மட்டும் உனக்கு இறங்குவதில்லை. உடம்பு பார்க்க விளையாட்டு வீராங்கனை மாதிரிதான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எடை பார்க்கிற நாளில் தண்ணீரே தொடமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னாயே, உன் அம்மாவும் இதே பெருமையோடுதான் சொல்வாள். உன் முதுகுக்குப் பின்னால் மேஜை மேல் பாட்டில் இருந்தது. அங்கே அப்போது சாயங்காலம், ஆனாலும் பாட்டில் வாய் வரை நிரம்பியிருந்தது.

அதைவிட இன்னொன்று. பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் சொன்னாய், உன் பிரிவில் போனுக்குப் பதில் சொல்கிற பெண்கள் யார் இருக்கையை விட்டு எழுந்தாலும் உன் திரையில் சிவப்புப் புள்ளி விழும், உன் பிரிவில்தான் சிவப்பே குறைவு, மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார் என்று. சிரித்துக்கொண்டே சொன்னாய் கண்ணு. அந்தக் கடையில் ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனும் மோசமான ஆள் இல்லை, வீட்டில் குழந்தைகளைக் கொஞ்சுகிறவன்தான், அவனையும் யாரோ பாராட்டித்தான் இருப்பார்கள். அவன் நாற்காலியில் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உன் மேல் கோபமில்லை. உனக்கு அவள் மாதிரியே அடக்கத் தெரியும், மற்றவர்களுக்கும் அது முடியும் என்று நினைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

இந்த வாரமே ரத்தமும் சிறுநீரும் கொடுத்துச் சோதித்துப் பார், கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியும். பயந்தது போலில்லை என்று வந்தால் என்னைத் திட்டிக் கேலி செய், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி, நான் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். ஒருவேளை ஏதாவது காட்டினால், ஆரம்பம்தான், பிடித்துவிடலாம், நான் வந்துவிடுகிறேன். அதுவரை அந்த டின்னைத் தொடாதே, பவுடரையும் டாக்டரைக் கேட்காமல் கலக்காதே.

நூறு வயது நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் உடம்பில் ஒரு குறையும் அண்டக் கூடாது, அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று மட்டும் செய். நாளைக்கு ஆபீசில் உன் பாட்டிலை எடுத்து எல்லோரும் பார்க்கக் குடி. குடித்துவிட்டு, அந்தப் பெண்கள் எல்லோரும் பார்க்க முதலில் நீ எழுந்து போ. நீ போனால்தான் அவர்கள் போவார்கள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா