வீட்டு உதாரணம்

பிப்ரவரி 4

காதுக்காரிக்கு,

நான் நலம். நீயும் அக்கா வீட்டாரும் நலம்தானே. நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், மூன்று வாரம் ஆகிறது. அக்கா சமையல் ருசியில் புருஷனை மறந்துவிட்டாள் என்று அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

ஆங்கிலப் பாட்டு வரிகளுக்குப் பத்திரிகையில் நாம் அர்த்தம் சொல்கிற பத்திக்கு இந்த மாதம் நாற்பது கேள்விகள். ஒரு பாட்டில், வெகுநாள் கழித்து வீடு திரும்பியவன், ‘அவள் கீயை மாற்றிவிட்டாள்’ என்று பாடுகிறான். பூட்டின் சாவி என்கிறார் ஒரு வாசகர். பாட்டின் சுருதி என்கிறார் இன்னொருவர். நேரில் பார்த்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இரண்டும்தான் என்று தீர்ப்பு எழுதினேன். கதவும் திறக்கவில்லை, பழையபடி சேர்ந்து பாடவும் முடியவில்லை.

வெளி அர்த்தம் எழுதிவிட்டேன், உள் அர்த்தமும் எழுதிவிட்டேன். கடைசியில் போடும் வீட்டு உதாரணம்தான் சிக்கவில்லை. எட்டு வருஷமாகப் பாதி உதாரணங்கள் உன் வாயிலிருந்து வந்தவை அல்லவா. நீ சொல்லும் ‘சும்மா’வுக்கு எத்தனை அர்த்தம் என்று ஒரு பக்கமே எழுதினேனே.

உறைக்குள் மெமரி கார்டு இருக்கிறது. அதிலுள்ள பாட்டில் மூன்றாவது வரியைப் பாடகி மென்று விழுங்கிவிட்டாள். பகலெல்லாம் ஊரார் காதைச் சோதிக்கிறவளுக்கு இது எம்மாத்திரம். கேட்டு எழுதி அனுப்பு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

உன்
அகராதி

பிப்ரவரி 11

அகராதியாருக்கு,

நலம். மூன்றாவது வரியை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதுதான் கடைசி. பத்தியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இங்கேயே ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். என் குளிர்காலத் துணிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அவற்றைப் பார்சலில் அனுப்புங்கள். காலை மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
நான்

பிப்ரவரி 15

காதுக்காரிக்கு,

பிழை திருத்துவது என் பிழைப்பு என்பதால் உன் கடிதத்தையும் ப்ரூஃப் பார்ப்பதுபோல நாலு தடவை படித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தவள் மாத்திரையைப் பற்றி ஏன் எழுதப் போகிறாள்? குளிர்காலத் துணியை மட்டும் கேட்டிருக்கிறாய். அப்படியென்றால் வெயில் வரும்போது நீயும் வந்துவிடுவாய். நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் புரியவில்லை. ஜனவரி இதழ் வந்த நாளிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த உதாரணம்தான் காரணமா? அதில் நான் பெயர் போடவில்லையே, ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்’ என்றுதானே எழுதினேன். படித்து அழுததாக எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எட்டு வருஷத்தில் இதுதான் சிறந்தது என்கிறார் ஆசிரியர். கோபம் என்றால் வாயைத் திறந்து சொல்.

அகராதி

பிப்ரவரி 21

உங்களுக்கு,

மாத்திரை என்றால் மாத்திரைதான். உங்களுக்கு ரத்த அழுத்தம், நீங்கள் மறப்பவர். துணி கேட்டது இங்கே குளிர் அதிகம் என்பதால்.

வாயைத் திறந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். ‘இந்த அறையில் ஒரு டிராஃப்ட் இருக்கிறது’ என்ற பாட்டு வரிக்கு நீங்கள் எழுதிய விளக்கம் அருமை. இடுக்கு வழியாக நுழையும் குளிர்காற்றும் டிராஃப்ட், எழுதி முடிக்காத கடிதமும் டிராஃப்ட். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டு உதாரணம் வேண்டுமே. ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண், பத்தொன்பது நாள் குழந்தை இறந்த பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, “ஜன்னலை மூடுங்க, பிள்ளைக்குக் குளிரும்” என்றாள். அவள் மூடச் சொன்னது ஜன்னலை அல்ல’ என்று எழுதினீர்கள்.

ஜன்னலைத்தான் சொன்னேன். அவன் கால் சில்லிட்டுக்கொண்டே வந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரி அறையில் உங்களையும் என்னையும் தவிர யாரும் இல்லை. சொன்னது உங்களிடம்.

பதினான்கு மாதமாக வீட்டில் அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள். அவனைப் பற்றி நீங்கள் முதன்முதலாகச் சொன்னதை நான் அங்கே பழைய கிளினிக்கில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, பத்திரிகையில் படித்தேன். புதிதாக வேலைக்கு வந்தவள் அதை உரக்கப் படித்துவிட்டு, “பாவம், யாரு அந்தப் பொண்ணு? உங்க பத்திதானே, தெரியாமலா இருக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் பிள்ளையைத் தெரியாது என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பத்திரிகைக்கு என் பெயரில் வந்த கடிதங்களை இங்கே அனுப்பி வைத்தார்கள். அதில் ஒரு தாயின் கடிதம் இருந்தது. அவளுக்கும் இதே கதி. அந்தப் பெண் உங்களுக்குத் தெரிந்தவள் என்றால், குழந்தை யார் ஜாடை என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். முன்பின் தெரியாத அவளுக்கு மூன்று பக்கம் பதில் எழுதினேன். அந்த மூன்று பக்கத்தை உங்களிடம் பேசத்தான் பதினான்கு மாதம் காத்துக்கிடந்தேன்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 2

அன்புள்ளவளுக்கு,

துணிகளை அனுப்பிவிட்டேன். பத்தியை நிறுத்திவிட்டேன். வருத்தம் தெரிவித்து நாலு வரி போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். அதையும் ஊரே படிக்கும், வேண்டாம் என்றேன்.

நீ சொன்னது எனக்குக் கேட்டது. ஜன்னலுக்கும் எனக்கும் ஆறடிகூட இருக்காது. போய் மூடினால் அவன் இருப்பதாக உன்னிடம் பொய் சொல்வதாக ஆகும். மூடாவிட்டால் அவன் போய்விட்டான் என்று நானே சொல்வதாக ஆகும். மரம் மாதிரி நின்றேன். கடைசியில் நர்ஸ் வந்து மூடினாள். அதன் பிறகு அவன் பேச்சை எடுத்தபோதெல்லாம் உன் முகத்தில் அந்த ஜன்னல்தான் தெரிந்தது, அதனால்தான் எழுந்து போனேன். நீ ஜன்னலைச் சொல்லவில்லை என்று ஆகிவிட்டால், நான் மூடாதது தப்பில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அப்படி அர்த்தம் எழுதினேன். அதை எழுதி முடித்தபோதும் இது எனக்குத் தெரியாது, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அவனுக்கு உன் நெற்றி. பதினோராவது நாள், நீ நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். அவன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிந்தும் விடவில்லை. நர்ஸ்தான் விரல் விரலாகப் பிரித்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், வந்துவிடு.

உன்
அகராதி

மார்ச் 9

அவனுடைய அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம்கூடக் காட்டவில்லை. சுண்டுவிரல் விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

நீங்கள் நின்றுவிட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு நானும் நானாக இல்லை. ஆனால் உங்கள் மனசு ஆறுவதற்காக என் பேச்சை எடுத்துக்கொண்டீர்கள். இனி வீட்டில் எதைச் சொன்னாலும், இது இவருக்குள் போய் என்னவாக மாறுமோ என்று யோசித்துக்கொண்டேதான் சொல்வேன். அப்படி என்னால் குடித்தனம் நடத்த முடியாது. நான் வரவில்லை. என் மற்ற சாமான்களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர் வருவார். அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு உதவி கேட்கிறேன். நர்ஸுகளைத் தவிர, அவனைக் கையில் வாங்கியவர்கள் இந்த உலகத்தில் நீங்களும் நானும்தான். முடிகிறபோது அவனைப் பற்றி எனக்கு எழுதுங்கள். என்னைப் பற்றி வேண்டாம், நம்மைப் பற்றியும் வேண்டாம். பதில் போட மாட்டேன், ஆனால் படிப்பேன்.

அவன் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. வலது காதா, இடது காதா என்று நாலு நாளாக எனக்கு ஞாபகம் வரவில்லை. இருக்கிற ஒரே படத்திலும் தொப்பி காதை மூடியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா