நீ தேறாத பரீட்சை

நேற்று பாண்டி பஜாரிலிருந்து என் மனைவி கம்பளி நூல் வாங்கி வந்தாள். குளிர் தொடங்குவதற்குள் குழந்தை பிறந்துவிடும், தலைக்குக் குல்லாய் பின்ன வேண்டும் என்றாள். சிவப்பு, பச்சை, பழுப்பு, ரோஜா நிறம் என்று சிட்டம் சிட்டமாகக் கூடத்து மேஜையில் பரப்பி, எது நன்றாயிருக்கும் என்று கேட்டாள். அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தேன். ஏதாவது ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவளுக்கு வருத்தம். என் சிநேகிதனான உன்னைப் பற்றி அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் யுத்தத்தையும் சொல்லவேண்டி வரும். அதற்குத் தெம்பில்லை. அதனால்தான் நீ இல்லாத இந்தக் காலத்தில் உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டாளத்தில் அதிகாரியாக வேண்டும் என்பது உன் ஆசை. எனக்கு அப்படி எதுவும் கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு இருவரும் சும்மா இருந்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நீதான் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினாய். இன்ன வயது, இன்ன படிப்பு, இவ்வளவு உயரம், மூச்சை இழுத்தால் மார்பு இவ்வளவு விரியவேண்டும், கண் இப்படி இருக்கவேண்டும் என்று நீளமாகப் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஜமீன்தார் பிள்ளைகளுக்கும்தான் இந்தக் கதவு என்றாய். "இப்ப ஆள் பத்தலை, தொறந்துட்டான். திரும்ப மூடறதுக்குள்ள நுழைஞ்சிடணும்."

கூடப் படித்தவர்கள் சிலர் நம்மிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஜெயிலுக்குப் போகவேண்டிய சமயத்தில் வெள்ளைக்காரனுக்குச் சலாம் போடப் போகிறார்கள் என்று லஸ் முனையில் நம் காதுபடவே சொன்னார்கள். நீ நின்று நிதானமாகக் கேட்டாய். "நாளைக்கு வெள்ளைக்காரன் போயிடுவான். அன்னிக்கு இந்தப் பட்டாளத்தை நடத்த நம்ம ஆளுங்க வேணுமா, வேணாமா?" அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் மனுப் போட்டேன்.

சாந்தோம் மணலில் தொடங்கி அடையாறு கடலில் கலக்கும் இடம்வரை காலையில் ஓடுவோம். வலை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னா நைனா, யார் தொரத்திக்கினு வராங்க?" என்று ஒரு பெரியவர் தினமும் கேட்பார். ஓடி முடித்து உன் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தையல் டேப்பை எடுத்து இருவர் மார்பையும் அளப்பார்கள். தபாலாபீசில் கடிதம் பிரித்துப் போடும் வேலையிலிருந்த உன் அப்பா நீ சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து உன்னை வளர்த்தவர்கள் அம்மா. நீ இந்த வேலைக்குப் போவதில் அவர்களுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் அவித்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிட நமக்குப் பழக்கிவிட்டவர்கள் அவர்களேதான்.

பேட்டிக்குப் பழகுவதற்காக நீயே அதிகாரியாக உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்பாய். ஒருநாள், தவறு என்று உனக்குத் தோன்றும் உத்தரவு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாய். நீயே பதிலும் சொன்னாய். "கண்ணால பார்த்ததை மேல சொல்லணும். அப்புறமும் போன்னா, ஆளுங்களை அனுப்பிட்டுப் பின்னால நிக்கக்கூடாது. முன்னால போகணும்." அதை அப்படியே இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுக்கொண்டேன்.

பேட்டியில் அந்தக் கேள்வி எனக்குத்தான் வந்தது. உன் பதிலைச் சொன்னேன், தலையாட்டினார்கள். உன்னிடம் அப்பாவின் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு, குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டார்களாம். இதுவரை யாரும் குதிரை கொடுக்கவில்லை, கொடுத்தால் ஏறுவேன் என்றாயாம். உள்ளே அவர்கள் சிரித்த சத்தம் வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. நீ தேறிவிட்டாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுவாரம் வைத்தியப் பரிசோதனை. கோட்டைப் பக்கத்தில் ஓர் உயரமான கட்டடம். உயரம், எடை, பல், பாதம், மார்பு எல்லாவற்றிலும் நீ எனக்கு மேல். தூரத்து எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாய். பிறகு அந்த வயதான வெள்ளைக்கார டாக்டர் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். மேஜை நிறைய கம்பளி நூல். ஒரு பச்சைச் சிட்டத்தை எடுத்துத் தனியே வைத்து, இந்த நிறச் சாயலில் உள்ளதையெல்லாம் பொறுக்கி வை என்றார். இது பழைய காலத்து முறை, உனக்கு ஒரு நிமிஷ வேலை என்று வரிசையில் பின்னால் நின்ற நான் நினைத்தேன். நீ தயங்காமல் பொறுக்கினாய். பச்சை எடுத்தாய், பழுப்பு எடுத்தாய், ரோஜா நிறத்தையும் அதனோடு சேர்த்தாய், ஒரு சிவப்பையும் எடுத்துப் பக்கத்தில் அழகாக அடுக்கினாய். விளையாடுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். நல்லபடியாக முடித்துவிட்ட முகம் அது. டாக்டர் மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னார். மறுபடியும் அதேதான். அவர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூலைத் தானே அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, உனக்கு நிறம் பிரித்துப் பார்க்க வரவில்லை, வருத்தப்படுகிறேன் இளைஞனே என்றார்.

மயிலாப்பூர் டிராமிலிருந்து இறங்கும் சமயத்தில்தான் சொன்னாய்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன்டா."

உன் அம்மா செய்தி கேட்டதும் எழுந்து நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அது உனக்குக் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மூலம் தெரிந்துபோனது. "நான் தோத்ததுக்கா நன்றி சொன்னே?" என்று அம்மாவைக் கேட்டாயாம். ஆமாம் என்றார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேவையான பேச்சு மட்டும்தான். அம்மா பரிமாறுவார்கள், நீ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாய். நான் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று சென்ட்ரலுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்தாய். வண்டி நகர்ந்தபோது உன்னால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யுத்தம் முடிந்து நான் திரும்பியபோது அம்மாவைப் போல நீயும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகியிருந்தாய். பார்க்க வந்தவர்களெல்லாம் வீரக் கதை கேட்டார்கள். நீ கேட்கவில்லை. பல மாதம் பொறுத்திருந்து ஒரு சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான், "எப்படிடா இருந்தது?" என்றாய்.

பர்மாவில் ஓர் ஆறு. குறிப்பிட்ட துறையில் இறங்கிக் கடக்கும்படி உத்தரவு. எதிர்க்கரை மூங்கில் புதருக்குள் ஆள் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். மேலே சொன்னேன். மறுபடியும் சொன்னேன். போ என்று பதில் வந்தது. முன்னால் நின்று இறங்கினேன். எனக்குத் தோளில் ஒரு கீறல்தான். என் பின்னால் இறங்கியவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரோடு போய்விட்டார்கள். அதை உன்னிடம் சொல்லிவிட்டு அவர்கள் பெயரையும் சொன்னேன். ஒவ்வொரு பெயராக, எந்த ஊர், யாருக்குக் கல்யாணமாகியிருந்தது, யார் தூக்கத்தில் பாடுவான் என்றெல்லாம் சொன்னேன்.

இருட்டிய பிறகு கேட்டாய். "நான் சொல்லிக் கொடுத்த பதில்ல இன்னா தப்பு?"

"ஒண்ணும் தப்பில்லடா. சரியான பதில்தான்," என்றேன்.

நீ எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். என்மேல் கோபமோ என்று நினைத்தேன். அன்று வீட்டில் நடந்ததை அம்மா பிறகுதான் சொன்னார்கள். உள்ளே வந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தாயாம். "நீயும் உட்காரும்மா" என்றாயாம். அத்தனை வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டீர்களாம். அப்போது நான் சொன்ன ஆற்றை அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். என் எதிரே நீ அழவில்லை.

போன கோடையில் உனக்கு விஷஜுரம் வந்தது. யுத்தத்துக்குப் போன நான் இருக்கிறேன். கண்ணில் குறை என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட உன்னை, மூன்று வாரம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. இதில் நியாயம் தேடித் தேடி அலுத்துவிட்டது. இப்போது தேடுவதில்லை. ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவைப் பார்க்கப் போவதுண்டு. கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது, மற்றபடி நடமாட்டம் இருக்கிறது. போன வாரம் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். "தம்பி, ஆத்துல போன அந்தப் பசங்க பேரைச் சொல்லுங்க. கல்லறைத் திருநாள் வருது. அவனுக்குப் பூசை வைக்கச் சொல்லியிருக்கேன், அவங்க பேரையும் சேர்த்துக்கறேன்."

அவர்கள் வேறு வேறு சாமி கும்பிட்டவர்களம்மா என்றேன்.

"இருக்கட்டும். எல்லாருக்கும் அம்மா இருந்திருப்பா இல்ல?"

வாயைத் திறந்தேன். முதல் பெயர்கூட வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று மணலில் உன்னிடம் சொன்னதோடு அந்தப் பெயர்களின் பாரத்தில் பாதியை இறக்கி வைத்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவற்றை அறிந்தவர்கள் நாம் இருவர் இருந்தோம், அவ்வளவுதான். இப்போது உன் பங்கையும் நான்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.