மூன்று மாத மாத்திரை

ஜூன் 12, 2024
பொன்னேரி ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேர் டெஸ்ட் ரிசல்டும் கொடுத்தார்கள். எனக்கு எல்லாம் சரியாம். ஐந்து வருடமாகப் பிள்ளைக்காக மருந்து தின்றதும் விரதம் இருந்ததும் நான்தான். குறை என் வீட்டுக்காரரிடம். விந்தணுக்கள் குறைவு, இருப்பதும் சரியாக நகரவில்லை.

டாக்டரம்மா, "உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்குதில்ல? அது மாதிரி அணுவுக்குள்ள சேதம். முதல்ல சிகரெட்டை விடுங்க. மூணு மாசத்துக்கு அந்தச் சேதத்தைத் தடுக்கற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதறேன். கேரண்டி கிடையாது" என்றார்.

ஊருக்கு வந்து பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர், "அம்மாகிட்ட சொல்லாத, செவ்வந்தி."

ஜூன் 13
விடியலில் தனியாகப் படகை எடுத்துப் போயிருக்கிறார். கூட்டாளி கோபால் கரையில் நிற்கிறார். "மாணிக்கம் இன்னிக்கு நான் வேணாம்னுட்டான், அண்ணி." போன் போகவில்லை. முகத்துவாரத்தில் அலை பெரிசாக இருக்கிறதாம். ஏன் தனியா போனாரு? எதுக்கு? — சாமி, புள்ளையே வேணாம். இந்த ஆளு கரைக்கு வந்தா போதும்.

சாயங்காலம் வந்தார். வலை நனையவே இல்லை. சோறு போட்டேன்.

ஜூலை 2
சிகரெட்டை விட்டதிலிருந்து தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். பக்கத்தில் போகவே பயம்.

ஜூலை 19
அவருடைய அம்மா, என் அத்தை, இன்று சோறு தின்றுகொண்டே அவரிடம் சொன்னார்: "எங்கண்ணன் மவ இன்னும் கண்ணாலம் ஆவாமதான் இருக்குது." அவர் தலை நிமிரவில்லை. அவர் சரின்னுட்டா நான் எங்க போவேன்?

ஆகஸ்ட் 6
காலையிலிருந்து அவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பாயின் அடியில் புதுசாக ஒரு மாத்திரை டப்பா. மீஞ்சூர் மருந்துக்கடையில் தானாகவே வாங்கி, டாக்டர் கொடுத்ததோடு சேர்த்து வேளைக்கு நாலு மாத்திரை விழுங்கியிருக்கிறார். "சீக்கிரம் சரியாவட்டும்னுதான்..."

டப்பாவை என் கையில் பார்த்துவிட்டார் அத்தை. "எம்புள்ளைக்கு இன்னாடி குடுத்த?" என்று என் முடியைப் பிடித்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரோசி அக்கா ஓடி வந்தார். பாயில் கிடந்தவர்தான் கத்தினார்: "வுடும்மா அவள! அவளுக்கு ஒண்ணுமில்ல. கொற எங்கிட்ட!"

அத்தை கை தளர்ந்தது. ரோசி அக்கா சத்தமில்லாமல் போய்விட்டார்.

போனில் டாக்டரம்மா திட்டினார். நல்ல மாத்திரையென்றாலும் அளவு மீறினால் கெடுதல்தானாம்.

ஆகஸ்ட் 7
அத்தை யாரோடும் பேசவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 18
மறுபடி டெஸ்ட். கொஞ்சம் முன்னேற்றம். மாத்திரையாலா, சிகரெட்டை விட்டதாலா — டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. "இன்னும் காத்திருக்கணும்" என்றார். இன்னும் எவ்வளவு?

செப்டம்பர் 22
அத்தையோடு சந்தைக்கு நண்டு விற்கப் போனேன். பக்கத்தில் மீன் விற்கும் முனியம்மாள் எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டார்: "இன்னும் ஒண்ணும் இல்லியாம்மே?"

"அவள இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார் அத்தை. "எங்கிட்ட கேளு."

திரும்பும்போது நண்டுக் கூடையின் ஒரு பக்கத்தை அத்தையே பிடித்துக்கொண்டார்.