நாற்பதை முப்பத்தாறு என்று எழுதினேன்

மைசூர்
10.5.1998

அன்புள்ள தாரணிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், டெல்லி வெயிலில் நீயும் அப்படியே இருக்கச் சாமுண்டியை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நம் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கு நீ கொடுத்துவிட்டுப் போன தெர்மாமீட்டர்களின் எண்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியதில், ஷீட்டுக் கூரை வீடு அவ்வளவு சூடாவதில்லை என்று அது கற்றுக்கொண்டதாகவும், உனக்கே ஆச்சரியம் என்றும் எழுதியிருந்தாய். எதிர்வீட்டுக் கமலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ஏன் லதா, என் கான்கிரீட் மோல்டு வீட்டைவிட உன் ஷீட்டு வீடு ஜில்லுன்னு இருக்காமே, மாத்திக்கலாமா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாரணி, நம் வீட்டு எண்கள் பொய். பகல் இரண்டு மணிக்கு நாற்பது காட்டினால் முப்பத்தாறு என்று எழுதினேன். பன்னிரண்டில் ஷீட்டு வீடு நம்முடையது ஒன்றுதான். போன வருஷம் உன் சிநேகிதி மனிஷா வந்தபோது ஒரு கையில் நோட்டை வைத்து விசிறிக்கொண்டே சாப்பிட்டாளே, அதை நான் மறக்கவில்லை. அப்பா ஊருக்கெல்லாம் மோல்டு போடும் மேஸ்திரி, அவர் வீடே இப்படியா என்று உன் பேராசிரியர் நினைப்பாரோ என்று கூசினேன். இத்தனை புத்தகம் படித்தும் இந்தப் புத்திதான். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை மாதிரியான அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நேற்று சாக்கடை மோரிக்கு அந்தப் பக்கம் ஷீட்டு வீட்டில் ஊதுபத்தி உருட்டும் ராமக்காள், பலகை மேலேயே மயங்கிச் சரிந்தாள். தூக்கி வந்து கமலம்மாள் வீட்டில் படுக்கவைத்தோம், இப்போது பரவாயில்லை. சூடு தணிய எந்தக் கூரைகளுக்கு முதலில் வெள்ளையடிப்பது என்று கார்ப்பரேஷனில் உன் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றாயே. என் கூச்சத்தால் அவள் வீடு கடைசிக்குப் போய்விடக் கூடாது. எல்லாவற்றோடும் நாலைக் கூட்டிக்கொள் என்று சொல்லலாம், ஆனால் சில நாள் மூன்று குறைத்தேனா ஐந்தா, நினைவில்லை. நம் வீட்டு எண்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, இன்று முதல் சரியாக எழுதி அனுப்புகிறேன். தாமதமானால் ஆகட்டும். பேராசிரியர் கேட்டால் என் அம்மா செய்தது என்றே சொல், மறைக்காதே. அப்பாவிடம் இன்று நானே சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு வெயிலில் அலையாதே, மோர் குடி. எடுத்த வேலை நேராக முடிய என் ஆசி. கோபம் வந்தாலும் உடனே ஒரு வரி போடு.

உன் அம்மா,
சொர்ணலதா

இன்று பகல் இரண்டு மணி, நாற்பத்தொன்று. கமலம்மாளைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரைத் தானே பார்த்துவிட்டு, சாட்சியாகக் கீழே கன்னடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.