காந்த அறையின் பின்சுவர்

பிப். 2, திங்கள். பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை.

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை 6.40 மணியளவில் எங்கள் வீட்டு மிக்ஸியின் சின்ன ஜார், நீண்டகால முனகலுக்குப் பின் காலமானது. சட்னி ரத்து. துக்கம் அனுஷ்டிக்க இட்லிப் பொடி.

பிளஸ் டூ ஸ்டடி லீவ். வீட்டில் விட்டால் படிக்க மாட்டேனாம் (உண்மை). அதனால் அம்மா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு என்னையும் ஓட்டிக்கொண்டு போகிறாள். பாபநாசம் தாண்டி, வயலை ஒட்டிப் புதுக் கட்டடம். புது எம்.ஆர்.ஐ. மெஷின். அம்மாதான் இன்சார்ஜ். நோயாளி இன்னும் யாரும் இல்லை, சோதனை ஓட்டம். ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். பாட்டிலுக்கு முதுகுவலி போல.

முதலாளி டாக்டர். தாத்தா நிலத்தில் ஆறு மா வயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டியவர். ரிசப்ஷன் கல்லுக்காக நாலு தடவை பெங்களூர் போனாராம். பட்டப்பெயர்: கிரானைட்.

கட்டும்போது அம்மா எழுதிக் கொடுத்த பேப்பரை இன்று ஃபைலில் பார்த்தேன்:
– காந்த ரூமுக்கு வாசலிலிருந்து நேர் வழி கூடாது. நடுவில் ரெண்டு கதவு.
– உடை மாற்றும் இடத்தில் இரும்பு பெஞ்ச் கூடாது.
– நான் உட்காரும் இடத்திலிருந்து கதவும் தெரியணும், ஆளும் தெரியணும்.
– குளிர்வாயு வெளியேறும் பைப் பக்கம் மொட்டைமாடியில் யாரும் போகாமல் அடைக்கணும்.
– பின்சுவரிலிருந்து இருபது அடிக்கு வேலி. வண்டி எதுவும் வரக்கூடாது.

கடைசி வரியைக் குறுக்கே சிவப்பில் அடித்திருந்தது. பக்கத்தில் கிரானைட் கையெழுத்து: 'பின்னாடி யார் வரப்போறா?' அந்தக் கல்லுக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அதையும் பாலிஷ் போட்டுவிட்டார்கள்.

இயற்பியல்: காந்தவியல், ஒன்றரைப் பக்கம். தூக்கம்.

பிப். 3, செவ்வாய். வெயில். பூதக்கண்ணாடி வழியாக விழுகிற வெயில்.

படத்தில் கோடு. பாட்டில் நன்றாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று யாரோ சீப்பால் வாரின மாதிரி வரி வரியாக ஆகிவிடும். அப்புறம் தானே சரியாகும். மூணு நாளாக இதே கதையாம்.

சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர். வயது இருபத்தஞ்சு, தோளில் பை. பட்டப்பெயர்: லேப்டாப். கதவு ஓரத்துச் செப்புத் தகடு, ஏ.சி., லைட் எல்லாம் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "இது நார்மல்தான் மேடம்."

கிரானைட் வந்தார்.

"ஏம்மா வாசுகி, மெஷின் நல்ல மெஷின். ரூம் நல்ல ரூம். அப்ப எது சரியில்ல?"

அம்மா கோடு வந்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கோடு போகணும். இல்லன்னா தஞ்சாவூர்லேர்ந்து ஒரு பையன் வரேங்கிறான். நீ எக்ஸ்ரே ரூமைப் பாத்துக்க."

பதினாலு வருஷ சர்வீஸ். இந்த மெஷினுக்காக லீவ் போட்டு, ரயிலேறிப் போய் டிரெய்னிங் எடுத்துவிட்டு வந்தவள். சாம்பாரில் உப்பில்லை. அப்படியே சாப்பிட்டேன்.

மற்றபடி: படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மதியம் வழக்கம்போல் கூட்டாளி குணாவோடு. நெல் கொள்முதல் நிலையம் எதிரிலேயே. குணா அப்பாவின் மூட்டைகள் வரிசையில் நாற்பதாவதோ என்னவோ. டிரெய்லர் வரிசையில் இடம் பிடிக்கும், டிராக்டரை மட்டும் கழற்றி நிழலுக்கு ஓட்டிவிடுவோம். நான்தான் ஓட்டுகிறேன். "மாப்ள, டிராக்டருக்குன்னே பொறந்த கைடா," என்றான் குணா. சுவருக்கும் டிராக்டருக்கும் ஒரு முழம் விட்டு நிறுத்தினேன். லைசென்ஸ் வாங்க வயது இல்லை. திறமைக்கு வயது ஏது.

பிப். 4, புதன். பனி, அப்புறம் வெயில். வைக்கோல் தூசி, தும்மல் 11.

கேஸ் முடிந்தது. கண்டுபிடித்தவர்: அடியேன்.

லேப்டாப்பிடம் சும்மா கேட்டேன், "சார், இந்த இடத்தை எப்ப வந்து அளந்தீங்க?"

"மே கடைசி, தம்பி. ரோடு ஃப்ரீயா இருந்துச்சு. வைப்ரேஷன் ஜீரோ."

மே கடைசி! ஆற்றில் தண்ணீர் இல்லை, வயலில் வெடிப்பு, ரோட்டில் நாய்கூடப் படுக்காது. அப்போது வந்து அளந்துவிட்டுத் தையில் மெஷினைப் போடுகிறான். தையில் டெல்டா எப்படி இருக்கும் என்று ஒரு டீக்கடையில் கேட்டிருக்கலாம். அறுப்பு மெஷின், நெல் லாரி, டிராக்டர் என்று ரோடே இரும்பு. பெரிய இரும்பு பக்கத்தில் நகர்ந்தால் காந்தம் கலங்கும் என்று அவனே வாயால் சொல்கிறான். இவனுக்கு டிகிரி கொடுத்தவனை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

நேராகக் கிரானைட்டிடம் போய்ச் சொன்னேன், "கோடுக்குக் காரணம் லாரிங்க சார்." ஏற இறங்கப் பார்த்தார். "வாசுகி, உன் பையனுக்கு மூளை இருக்கு." அவருக்கு அந்தப் பொருளை அடையாளம் தெரிந்ததே ஆச்சரியம்.

அம்மாவைக் காப்பாற்றியாயிற்று. புது மிக்ஸி ஜாருக்கு மனு கொடுக்கலாம்.

மதியம் வழக்கம்போல் டிராக்டர் நிழலில் தூக்கம். வெற்றித் தூக்கம்.

பிப். 5, வியாழன். மேகமூட்டம். மூட்டைக்காரர்கள் எல்லோரும் வானத்தையே பார்க்கிறார்கள்.

காலை ஒன்பதுக்குக் கிரானைட் நடுரோட்டில். லாரியையெல்லாம் தள்ளிப் போடச் சொன்னார். லோடுமேன் ஒருத்தர், "டாக்டரே, மழை வந்து நெல்லு மொளைச்சுதுன்னா அதையும் ஸ்கேன் பண்ணித் தருவீங்களா?" ரோடே சிரித்தது. நானும்தான். ஒருவழியாக லாரிகளை நூறடி தள்ளிப் போட்டார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை படம் பளிங்கு. லேப்டாப் எனக்குக் கை கொடுத்தான். கொஞ்சம் ஓவராகத்தான் நடந்துகொண்டேன், காலரெல்லாம் தூக்கி.

சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மறுபடி கோடாம். ரோட்டில் ஒரு லாரி இல்லை.

கிரானைட், "நாளையோட சரி, வாசுகி."

அம்மா நோட்டில் கோடு வந்த நேரமெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். நேற்று 12.10, 3.05. முந்தாநாள் 12.20, 3.00. இன்று 12.15.

12.15-க்கு நான் எங்கே இருந்தேன்?

பின்சுவர் நிழலில். சாப்பிடப் போகுமுன் டிராக்டரை நிறுத்திக்கொண்டு. மூணு மணிக்கு அது திரும்பிப் போகும்.

பிப். 6, வெள்ளி. தூறல், நின்றுவிட்டது.

அம்மா தலை பின்னும்போது சொன்னேன். சீப்பு நின்றது. அடி விழும் என்று தள்ளி நின்றேன்.

"சுவர்லேர்ந்து எவ்வளவு தூரத்துல நிறுத்துன?"

"ஒரு முழம்."

பின்னலை முடித்துவிட்டு, "டிராக்டரை எடுத்துட்டு வாடா. நீயே ஓட்டு. கேட்டுக்குள்ளதான், ரோட்ல குணா ஓட்டட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

பதினோரு மணி. உள்ளே பாட்டில் ஸ்கேனில். ஸ்கிரீன் முன்னால் கிரானைட், லேப்டாப். ஜன்னலில் அம்மா. கையசைத்ததும் சுவர்வரை ஓட்டினேன். உள்ளே கோடு. லேப்டாப் கத்தியது வெளியே கேட்டது. முதல் தடவையாக 'நார்மல்' என்று சொல்லவில்லை.

அம்மா கிரானைட் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "அந்த வேலி இருந்திருந்தா இது நடந்திருக்காது சார். நீங்கதான் அந்த வரியை அடிச்சீங்க."

கிரானைட் தொண்டையைச் செருமினார். "சரி, போட்டுடலாம். திங்கட்கிழமை ஆள் வரச் சொல்றேன். நீயே கூட நின்னு அளந்து குடு." தஞ்சாவூர்ப் பையன் பேச்சு அப்புறம் எழவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்ற.

அம்மா ஜன்னல் வழியே கத்தினாள், "இப்ப பின்னாடி எடு! அப்பவும் கோடு வருதான்னு பாக்கணும்!"

எடுக்கவில்லை. கியரை இப்படி அப்படி ஆட்டினேன். வண்டி இன்னும் அரை முழம் முன்னால் போனது. கிரானைட் வெளியே ஓடி வந்தார், "சுவரு! சுவரு!"

இத்தனை நாளும் நான் ஓட்டியது முன்னால் மட்டும்தான். ரிவர்ஸ் தெரியாது. சுவர் வந்தால் நிறுத்துவேன், அதுதான் அந்த ஒரு முழம். ஒவ்வொரு நாளும் பின்னால் எடுத்தது குணா. இன்றும் அவன்தான் ரோட்டிலிருந்து ஓடிவந்து எடுத்தான். நான் இறங்கி, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். காலில்தான் இருந்தது.