ஒன்பது முகங்கள், ஒரு கையெழுத்து

ஜூன் 4

எங்கள் தீவின் தலைநகர் அபியாவில் சுதந்திர தினப் படகுப் பந்தயத்தன்று நான் எடுத்த படம் விலைபோகப் போகிறது! ஆக்லாந்தில் ஒரு பியர் கம்பெனி. எங்கள் ஊர்ப் படகின் பின்பாதி. துடுப்புப் போடும் எட்டுப் பேர், சுக்கான் பிடித்து நிற்கும் பெரியப்பா. டின்னில் அச்சடிப்பார்களாம். ஊருக்குப் புதுத் துடுப்புகளும் தருவார்களாம்.

சம்மதக் கடிதம் கேட்டார்கள். பெரியப்பா ஊர்த் தலைவர். கொக்கோவை உறிஞ்சிக்கொண்டே ஒரு கையெழுத்துப் போட்டார். "நான் போட்டா ஊரே போட்ட மாதிரி. போ." வேறென்ன வேண்டும்?

ஜூன் 11

வேண்டுமாம். கம்பெனி வக்கீலின் பதில் வந்திருக்கிறது. பந்தயச் செய்தியாகப் பத்திரிகையில் வந்தால் இதைக் கேட்க மாட்டார்களாம். ஒரு பொருளை விற்க என்றால் முகத்துக்கு ஒரு கையெழுத்து. ஒருவருக்காக இன்னொருவர் போட முடியாது.

படம் என்னுடையது. முகங்கள் என்னுடையவை அல்ல. இது தெரியாமலா ஆறு வருஷம் கேமராவை மாட்டிக்கொண்டு அலைந்தேன்? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13

ஏழு பேர் சிரித்துக்கொண்டே போட்டார்கள். எட்டாவது ஆள் லஃபாய் பேனாவைத் தொடவில்லை.

"அக்கா, வேதாகமக் கல்லூரிக்குப் போதகர் என் பேரை அனுப்பியிருக்காரு. பியர் டின்னுல என் மூஞ்சியா? வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க."

"பெரியப்பா சரின்னுட்டாரேடா."

"அதான் வாயைத் தொறக்கல."

நான் கேட்காமல் இருந்திருந்தால்?

ஜூன் 14

கம்பெனிக்காரி போனில்: "அவர் முகத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திடறோம்."

மூன்று மாதம் உள்ளங்கை கிழியத் துடுப்புப் போட்டவன். அவன் உடம்பில் எவன் தலையோ? முடியாது என்றேன். முடியவே முடியாது.

பெரியப்பாவிடம் சொல்லணும். சொல்லியே தீரணும்.

ஜூன் 15

சொல்லிவிட்டேன். பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்து — "உங்க கையெழுத்து உங்க முகத்துக்கு மட்டும்தான் செல்லும், பெரியப்பா."

"என்னடி சொன்ன? கேமரா வந்ததும் வாய் நீண்டுடுச்சோ?"

நான் எழுந்திருக்கவில்லை. "லஃபாயை நீங்களே கேளுங்க. உத்தரவு போடாம, கேளுங்க."

ஜூன் 17

படகுக் கொட்டகையில், எல்லார் எதிரிலும் கேட்டார். நிஜமாகவே கேட்டார். "உனக்குச் சம்மதமா?"

லஃபாய் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லீங்க."

ஊர்த் தலைவரிடம் இல்லை என்று ஒருவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெரியப்பா அவனையே பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஜூன் 18

கம்பெனிக்கு எழுதிவிட்டேன்: விற்பனைக்கில்லை.

ஜூலை 2

துடுப்பு போச்சே என்று பாதி ஊர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மே 29

பழைய துடுப்புகளுக்கே சாயம் பூசியாயிற்று. இந்த வருஷம் ஒரு தேங்காயெண்ணெய்க் கம்பெனி படம் கேட்டிருக்கிறது. பந்தயத்துக்கு முன்பே கொட்டகைக்குச் சம்மதத் தாளோடு போனேன். எந்தப் பொருளுக்கு என்பதை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, பந்தயத்துக்காக லீவில் வந்திருக்கும் லஃபாய் நிதானமாகப் படித்துவிட்டுப் போட்டான்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டி, விரலால் தன் பெயரைத் தேடி, அந்த வரியில் போட்டார்.

"துடுப்புப் போடற தவிதா இன்னும் வரலீங்க. அவனுக்கும் நீங்களே போட்டுடுங்களேன்" என்றான் ஒருவன்.

"ஏன், அவனுக்குக் கை இல்லையா?" என்றார் பெரியப்பா. "வரட்டும்."

தவிதா வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.